பிள்ளைகளோடு சென்னைக்கு: பலாலியிலிருந்து ஒரு குடும்பச் சுற்றுலாவைத் திட்டமிடுவது எப்படி?

“அம்மா, இங்க எல்லாரும் தமிழ்தானே கதைக்கினம். அப்ப இது எப்பிடி வெளிநாடு?”

சென்னை விமான நிலையத்திலிருந்து மெற்றோ நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது ஏழு வயது மகள் கேட்டாள். கையில் மூன்று வயது மகன் நித்திரை. கணவர் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். என்னுடைய அம்மா பதில் சொல்லாமல் பின்னால் வந்தார். அம்மாவுக்கு இது இரண்டாவது பயணம். முதலாவது 1990இல், மீண்டும் போர் தொடங்கிய பிறகு, இரவில், படகில். அப்போது அவருடைய கையில் இருந்த கைக்குழந்தை நான்.

யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களுக்கு இந்தியா என்றால் அகதி முகாம், ஆஸ்பத்திரி, கலியாணப் புடவை, கோயில் என்ற நான்கில் ஒன்று. சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது எங்களில் பலருக்குப் புதிது. அதனால்தான் பயணத் திட்டத்தைப் பெரியவர்களுடைய அலுவல்களைச் சுற்றிப் போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பின்னால் இழுத்துத் திரிகிறோம். எங்களுடைய முதல் திட்டமும் அப்படித்தான் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதியபோது அறிந்துகொண்டவற்றை, போக நினைக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏன் சென்னை?

முதலில் நாங்கள் நினைத்தது சிங்கப்பூர். சிறு பிள்ளைகளுக்கு ஒழுங்கான நகரம்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரவே ஓர் இரவு வேண்டும். பிறகு விமான நிலையத்தில் காத்திருப்பு, அதன்பின் நான்கு மணித்தியாலப் பறப்பு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு நாளே போதும், மிச்ச நாட்கள் முழுவதும் சிணுங்குவதற்கு.

சென்னை எங்களுக்கு நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீற்றர். ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவு. இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் பிள்ளைகளின் நித்திரை குழம்பாது. மொழி தெரியும் என்பதால் மகள் தானே கடையில் பேசி ஐஸ்கிறீம் வாங்கினாள். ஒரு பிள்ளையின் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இது பெரிய வசதி.

இந்த வான்வழி புதியதும் அல்ல. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதலாவது பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் மதராசுக்குப் போனது. போர்க்காலத்தில் அறுந்த இணைப்பு, 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் வந்தபோது மீண்டது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னைக்குப் பறக்கிறது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது.

எப்போது போவது?

எங்களுடைய பாடசாலை விடுமுறைகள் சித்திரை, ஆவணி, மார்கழி மாதங்களில் வருகின்றன. மூன்றிலும் ஒவ்வொரு சிக்கல் இருக்கிறது.

சித்திரையில் சென்னை வெயில் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. பகல் பதினொரு மணிக்குப் பிறகு வெளியே இறங்கவே முடியாது. வைகாசியில் கத்தரி வெயில் என்று அங்கே சொல்வார்கள், அது இன்னும் மோசம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தை எல்லோரும் அறிவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. ஆவணி விடுமுறை காலநிலையில் பரவாயில்லை, ஆனால் அது நல்லூர்த் திருவிழாக் காலத்தோடு ஒட்டி வரும். புலம்பெயர்ந்த உறவுகள் வந்து போகும் நேரம் என்பதால் ஆசனம் கிடைப்பது கடினம், விலையும் ஏறும்.

நாங்கள் தை மாதக் கடைசியைத் தெரிந்தெடுத்தோம். மகளுக்கு நான்கு நாள் பாடசாலை போனது. இரண்டாம் தரப் பிள்ளைக்கு அது பெரிய இழப்பில்லை என்று வகுப்பாசிரியரும் சொன்னார். தை, மாசியில் சென்னை மாலைகள் இதமாக இருக்கும். பொங்கல் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவிலும் வண்டலூரிலும் கூடும் சனத்துக்குள் சிறு பிள்ளையோடு நுழையக்கூடாது.

கடவுச்சீட்டும் விசாவும்

இங்கேதான் அதிக நேரம் போகும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு 3 வருடத்துக்கே செல்லுபடியாகும். பயணத்தின்போது குறைந்தது 6 மாதம் மிச்சமிருக்க வேண்டும். அதாவது உண்மையில் அது இரண்டரை வருடக் கடவுச்சீட்டு. “போன முறை எடுத்தது இருக்குதுதானே” என்று அலுமாரிக்குள் விட்டுவிடாமல் திகதியைப் பாருங்கள். விண்ணப்பத்துக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். தகப்பன் வெளிநாட்டில் வேலை என்றால் அதற்கான கடிதத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். 2025 செப்டம்பர் 1 அன்று யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்திய விசாவை இணையவழியாகவும் எடுக்கலாம், யாழ்ப்பாணத்திலுள்ள விசா விண்ணப்ப மையத்தில் நேரிலும் கொடுக்கலாம். கைக்குழந்தைக்கும் தனி விசா வேண்டும். இணையவழி விசாவுக்கு இந்திய அரசின் உத்தியோகபூர்வத் தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அதே தோற்றத்தில் பல தனியார் தளங்கள் கூடுதல் பணம் அறவிடுகின்றன. 2025 ஒக்டோபரிலிருந்து வெளிநாட்டவர்கள் இந்தியாவில் இறங்குவதற்கு முந்தைய 72 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் ‘இ-அரைவல்’ வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

எங்களுடைய பெயர் முறை அங்கே குழப்பத்தைத் தரும். என்னுடைய கடவுச்சீட்டில் என் அப்பாவின் பெயர், கணவருடையதில் அவருடைய அப்பாவின் பெயர், பிள்ளைகளுடையதில் கணவரின் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப்பெயர். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கைப்பையில் வைத்திருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் போவதென்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கட்டாயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசா விண்ணப்பத்தில் “இதற்கு முன் இந்தியாவுக்கு வந்திருக்கிறீர்களா?” என்று கேட்கிறார்கள். வந்திருந்தால் எங்கே தங்கினீர்கள், விசா இலக்கம் என்ன என்ற கேள்விகள் தொடரும். படகில் போனவர்களிடம் விசா இலக்கம் எப்படி இருக்கும்? அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ” என்று எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் சம்மதித்தார். நாங்கள் எதையும் மறைக்கவில்லை. அம்மாவின் விண்ணப்பத்தை மட்டும் இணையத்தில் போடாமல், முகாமில் இருந்த விபரத்தையும் திரும்பி வந்தபோது கிடைத்த கடதாசியின் பிரதியையும் சேர்த்து நேரில் கொடுத்தோம். எங்களுடையதைவிட நாட்கள் எடுத்தன, ஆனால் விசா வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருந்தால், அவருடைய விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள். ரிக்கெற்றை அதன் பிறகு போடுங்கள்.

பறப்பா, கப்பலா?

பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். விமானம் சிறியது, இரு பக்கமும் விசிறி சுழலும் ஏரிஆர் ரகம். சத்தம் கூடுதலாக இருக்கும் என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், பெரிய பிள்ளைக்கு இனிப்பு. பயணப் பொதி எத்தனை கிலோ என்பது ரிக்கெற்றில் இருக்கும். உறவினருக்கு மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி ஒரு கிழமைக்குள் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் மீண்டும் ஆரம்பித்தது. சுமார் 110 கிலோமீற்றர் கடலை நான்கு மணித்தியாலமளவில் கடக்கும். கட்டணம் விமானத்தைவிடக் குறைவு. ஆனால் கடல் குழம்பினால் சேவை நிறுத்தப்படும், மழைக்காலத்தில் நீண்ட இடைவெளி வரும். நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு இன்னும் 300 கிலோமீற்றர் தரைவழிப் பயணம் இருக்கிறது. தஞ்சாவூர், வேளாங்கண்ணி பக்கம் போகிறவர்களுக்குக் கப்பல் நல்ல தெரிவு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு சென்னைக்குப் போக விமானமே சுகம். கப்பலில் போவதென்றால், உங்களுடைய விசா நாகப்பட்டினம் துறைமுகத்தால் நுழையச் செல்லுபடியாகுமா என்று முதலில் கேட்டு அறியுங்கள்.

எங்கே தங்குவது?

எங்களுக்கு விழுந்த பெரிய அடி இதுதான். இணையத்தில் ஒரு தங்குவிடுதியைப் பதிவு செய்திருந்தோம். இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால், கடவுச்சீட்டைப் பார்த்த பணியாளர் உள்ளே போய்விட்டு வந்து, “சிலோன் பாஸ்போர்ட்டுக்கு ரூம் இல்ல மேடம்” என்றார். காரணம் சொல்லவில்லை. மகன் பசியில் அழுகிறான். அம்மாவின் முகம் மாறிவிட்டது. “உதுக்குத்தான் நான் வரேல்லை எண்டனான்” என்றார். அன்றிரவு இரண்டு தெரு தள்ளி இன்னொரு விடுதியில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் அறை தந்தார்கள். ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் எங்களுக்கு மறக்காது.

பிறகு விசாரித்து அறிந்தது இது. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் எவரும் 24 மணித்தியாலத்துக்குள் ‘சி படிவம்’ எனப்படும் பதிவைச் செய்ய வேண்டும். எல்லாச் சிறிய விடுதிகளும் அதைச் செய்வதில்லை, சில அந்த வில்லங்கமே வேண்டாம் என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே பதிவு செய்தாலும் தொலைபேசியில் அழைத்து, “இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?” என்று நேரே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வளசரவாக்கத்திலோ போரூரிலோ உறவினர் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் இந்தப் பதிவைச் செய்ய வேண்டும். அதைக் கேட்பது அவர்களைச் சங்கடப்படுத்தாது, கேட்காமல் விட்டால்தான் சங்கடம்.

இடம் தெரியும்போது மெற்றோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தைப் பாருங்கள். எழும்பூர், கிண்டி, சைதாப்பேட்டை பக்கங்கள் வசதி. விமான நிலையத்திலிருந்தே மெற்றோ இருப்பதால் முதல் நாளே வாகனத்துக்குப் பேரம் பேசத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நிலத்துக்குக் கீழே ஓடும் ரயில் என்பதே ஒரு பார்க்கும் இடமாக இருந்தது.

ஒரு நாளுக்கு ஒன்று

எங்களுடைய முதல் திட்டத்தில் ஒரு நாளுக்கு நான்கு இடம் இருந்தது. கடைசியில் பின்பற்றியது ஒரே விதி: காலையில் ஓர் இடம், மத்தியானம் அறையில் நித்திரை, பின்னேரம் விளையாட்டு. ஐந்து நாளுக்கு இதுவே போதும்.

கிண்டி: சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பக்கத்துப் பக்கத்தில். பாம்புப் பண்ணை 1972இல் ரொமுலஸ் விற்றேக்கரால் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை வெயில் ஏற முன் முடித்துவிடலாம்.

எழும்பூர் அருங்காட்சியகம்: 1851இல் தொடங்கியது. வெண்கலச் சிலைகளும் அமராவதிச் சிற்பங்களும் உங்களுக்கு, சிறுவர் பிரிவின் முன்னால் நிற்கும் டைனோசர் பிள்ளைகளுக்கு. முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம்.

மாமல்லபுரம்: சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீற்றர். போகும் வழியில் 1976இல் உருவான முதலைப் பண்ணை இருக்கிறது, திங்கட்கிழமை தவிர. மாமல்லபுரத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு வெளிநாட்டவர் 600 ரூபா கொடுக்க, சார்க் நாட்டவருக்கு இந்தியருக்கான அதே 40 ரூபாதான். 15 வயது வரை இலவசம். கடவுச்சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் கூடிய சீட்டைத் தந்துவிடுவார்கள்.

கோட்டூர்புரம்: 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கில் தமிழில் காட்சி நடக்கிறது. வானத்தைப் பற்றித் தன் மொழியில் ஒரு குரல் சொல்லக் கேட்டு மகள் வாய் திறந்தபடி இருந்தாள். அருகிலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்த அந்த நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எரிந்த நூலகத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அத்தனை தமிழ்ப் புத்தகங்களுக்கு நடுவில் பிள்ளைகள் நிலத்தில் இருந்து வாசிப்பதைப் பார்ப்பது வேறு ஓர் உணர்வு.

வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேயர். மூன்று வயதுக் கால்களுக்கு அது மிகப் பெரிது. போவதென்றால் உள்ளே ஓடும் மின்கல வண்டியை நம்பித்தான் போக வேண்டும். அதற்கும் செவ்வாய் விடுமுறை.

தி. நகர்: பெரியவர்களில் ஒருவர் பிள்ளைகளோடு அறையில் நிற்க, மற்றவர்கள் அரை நாள் போய் வாருங்கள். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் சிறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புடவை பார்க்க முடியாது. எங்கே போனாலும் உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளையின் கையில் கட்டி விடுங்கள்.

கடற்கரையில் கவனம்

கசூரினாவில் இடுப்பளவு தண்ணீரில் கனதூரம் நடந்து பழகிய பிள்ளைகள் எங்களுடையவை. மெரினா அப்படியல்ல. கரையிலேயே ஆழம் திடீரென்று இறங்கும், அலை உள்ளே இழுக்கும். குளிக்கத் தடை, ஒவ்வொரு வருடமும் உயிர்கள் போகின்றன. “இது பாக்கிற கடல், குளிக்கிற கடல் இல்லை” என்று பிள்ளைகளுக்கு அறையிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் சனம் குறைவு, ஆனால் அதே எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும்.

மருந்து, சாப்பாடு, காசு

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். ஜீவனிப் பைக்கற்றுகளையும் வழமையான காய்ச்சல் பாணியையும் இங்கிருந்தே கொண்டு போங்கள். இது வெறும் வசதிக்காக அல்ல. இந்தியாவில் பரசிற்றமோல் பாணி 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு செறிவில் விற்கிறது. இங்கே கொடுக்கும் அதே கரண்டிக் கணக்கில் கொடுத்தால் மருந்து இரண்டு மடங்காகிவிடலாம். அங்கே வாங்க நேர்ந்தால் போத்தலில் உள்ள அளவை வாசித்து, மருந்தாளரிடம் பிள்ளையின் நிறையைச் சொல்லிக் கேளுங்கள். எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நோயாளர் காவு வண்டிக்கு அங்கே 108. எங்களுடைய 1990 அங்கே வேலை செய்யாது.

தண்ணீர் போத்தலில் மட்டும். இட்லியும் தயிர்ச்சாதமும் எங்கேயும் கிடைக்கும், பிள்ளைகள் சமாளிப்பார்கள். எங்கள் மகன்தான் சாம்பாரில் இனிப்பு என்று மூன்று நாள் முகம் சுளித்தான்.

பூக்காரம்மா வரை தொலைபேசியில் கியூஆர் காட்டித்தான் காசு வாங்குகிறார்கள். எங்களுடைய வங்கிச் செயலிகளால் அதைச் செலுத்த முடியவில்லை. பெரிய கடைகளில் அட்டை செல்லும், மற்ற இடங்களுக்குச் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள். இன்னொன்று, சதுரக் கம்பி உள்ள எங்கள் சார்ஜர்கள் அங்குள்ள வட்டத் துளைகளுக்குள் போகாது. மாற்றி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளை வெறுமையாக விடுங்கள்

ஐந்தாம் நாளுக்கு நாங்கள் எதையும் போடவில்லை. பின்னேரம் எலியட்ஸ் கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் இருந்தோம். மகள் திடீரென்று கேட்டாள்: “அம்மம்மா, நீங்கள் முதல் வந்தபோது எங்க தங்கினீங்கள்?”

“மண்டபத்தில.”

“கலியாண மண்டபமா?”

அம்மா சிரித்துவிட்டார். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே எங்களைப்போல நிறையச் சனம் இருந்தது, உன்ர அம்மா அங்கதான் நடக்கப் பழகினவ என்று சொல்லத் தொடங்கினார். பால்மாவுக்கு வரிசையில் நின்றதையும், பக்கத்துக் கொட்டில் ஆச்சி எனக்குப் பாவாடை தைத்துத் தந்ததையும் நானும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். முப்பத்தைந்து வருடமாக வீட்டில் அவர் வாய் திறக்காத கதை. இருட்டும் வரை மகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த முறை மண்டபத்துக்குப் போவோம் என்று அவள் இப்போது நிற்கிறாள். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகனுடைய கடவுச்சீட்டு இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கிறது. நாகப்பட்டினம் கப்பலுக்கு அப்போது அவன் வளர்ந்துவிடுவான்.